வேம்பநாட்டுக் காயலில் இருவராக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஜனவரியில் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நானும் இவரும் தேனியிலிருந்து ஆலப்புழைக்குப் போய், ஒரு மோட்டார் படகை நாள் முழுக்கப் பேசி எடுத்துக் காயலைச் சுற்றினோம். திரும்பி வந்ததிலிருந்து நாத்தனார் தொடங்கி எதிர்வீட்டு அக்கா வரை ஆளாளுக்குக் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆலப்புழை என்றாலே ஹவுஸ்போட்தானே? ஏன் சின்னப் படகு?

ஹவுஸ்போட்டில் முன்பே ஒருமுறை போயிருக்கிறோம். ஏசி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மெத்தை, டிவி எல்லாம் இருந்தது. காயல்தான் குறைவாக இருந்தது. மதியம் 12 மணிக்கு ஏற்றிக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் சாப்பாட்டுக்குக் கட்டிப்போட்டார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால் மாலை ஐந்தரை வாக்கில் ஹவுஸ்போட்டுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் ஒதுங்கிவிட வேண்டும். அது நியாயமான விதிதான். ஆனால் காசு கொடுத்த நமக்குக் கிடைப்பது மூன்று, நான்கு மணி நேர ஓட்டம். அதுவும் மற்ற ஹவுஸ்போட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்தபடி.

சின்னப் படகில் மெத்தை கிடையாது. ஆனால் காலை ஏழுக்கு முன்பே கிளம்பலாம், குறுகலான வாய்க்காலில் நுழையலாம், நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லலாம். இரண்டே பேர் என்றால் எனக்கு இதுதான் சரி. பெரிய குடும்பமாகப் போனால் ஹவுஸ்போட்டே எடுங்கள், அது வேறு கணக்கு.

இது ஏரியா, காயலா? அவ்வளவு பெரிதா?

காயல் என்பது நமக்கும் பழகிய சொல்தான், காயல்பட்டினத்தின் பெயரிலேயே இருக்கிறதே. கடலோரத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து தேங்கும் நீர்ப்பரப்பு. வேம்பநாடு இந்தியாவிலேயே நீளமான ஏரி. நீளம் சுமார் 96 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 14 கிலோமீட்டர் வரை. ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை, பெரியாறு ஆகிய ஆறுகள் இதில் வந்து சேர்கின்றன. 2002ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள்.

தென்பகுதியைச் சுற்றியுள்ள தாழ்வான நாடு குட்டநாடு. பழைய இலக்கண உரைகளில் கொடுந்தமிழ் நாடு, அதாவது வட்டார வழக்குத் தமிழ் வழங்கிய நாடு, பன்னிரண்டில் ஒன்றாக வரும் குட்டம் இதுதான். இவர் தமிழாசிரியர் என்பதால் படகில் ஏறிய பத்தாவது நிமிடத்திலேயே இதை எனக்குச் சொல்லியாகிவிட்டது.

எந்த வகைப் படகு எடுப்பது?

ஷிக்காரா என்று கேளுங்கள். பெயர் காஷ்மீருடையது, படகு ஆலப்புழையுடையது. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, பின்னால் டீசல் இன்ஜின், சாய்ந்து உட்கார மெத்தை இருக்கைகள். மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகம். ஸ்பீட்போட்டும் கிடைக்கும். அரை மணி நேரம் கத்திக்கொண்டே போய்விட்டு வர அது நன்றாக இருக்கும், நாள் முழுக்க அதில் உட்கார்ந்தால் முதுகு தனியாகக் கழன்றுவிடும்.

ஒரு சின்ன யோசனை. இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காராதீர்கள். முன்பக்கம் போய்விட்டால் சத்தம் பாதியாகிவிடும்.

நாமே ஓட்டலாமா?

முடியாது. உரிமம் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். அவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். இவர் ஐந்து நிமிடம் சுக்கானைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஸ்ராங்கு சேட்டன் சிரித்துவிட்டு டீ ஊற்றிக் கொடுத்தார். பதில் புரிந்துவிட்டது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடிந்ததும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலை வேளையில் காயல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். பகல் ஏற ஏறக் கரை சூடாகி, மேற்கே கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மதியத்துக்கு மேல் நடுக்காயலில் அலை எழும்பிவிடும். பெரிய படகுக்கு அது ஒன்றுமில்லை. ஷிக்காராவில் முகத்தில் தண்ணீர் தெறிக்கும், வயிறு பிரட்டும். வெயிலும் அப்போதுதான் உச்சியில் இருக்கும். நாங்கள் 6.45க்குக் கிளம்பி மூன்று மணிக்குள் கரைக்கு வந்துவிட்டோம்.

எந்த வழியாகப் போனீர்கள்?

புன்னமடையில் ஃபினிஷிங் பாயின்ட் என்கிற படகுத்துறையில் ஏறினோம். நேரு டிராபி வள்ளம்களி என்கிற படகுப் போட்டி முடிகிற இடம் என்பதால் அந்தப் பெயர். நேரே வடக்கே விட்டுவிடாமல், முதலில் கிழக்கே காயல் நிலங்களின் பக்கம் ஒரு சுற்றுப் போகச் சொன்னோம். அதைத் தவறவிடாதீர்கள்.

அங்கே வயல் கீழே, தண்ணீர் மேலே. நடுவில் ஒரு வரப்பு, அதன்மேல் தென்னை. படகில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தால் நம் கால்மட்டத்துக்கும் கீழே பச்சை நெல். கடல் மட்டத்துக்குக் கீழே ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை ஆழத்தில் நடக்கும் விவசாயம் இது. காயலுக்குள் வரப்புக் கட்டி, உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியே தள்ளி நிலம் எடுத்திருக்கிறார்கள். பெரிய அளவில் அப்படிச் செய்தவர்களில் பெயர் பெற்றவர் முரிக்கன் ஜோசப். அவர் 1940களில் எடுத்த மூன்று நிலங்களுக்குத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தை நினைத்து சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று பெயர் வைத்தார். நீர் இறைக்க மரப்பெட்டியும் பறை என்கிற உருளையுமாக ஒரு பம்பு இருக்கிறது, பெட்டியும் பறையும் என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் கிணற்றிலிருந்து வயலுக்கு இறைப்போம், இங்கே வயலிலிருந்து காயலுக்கு இறைக்கிறார்கள். 2013ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்த முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. என் மாமனார் ஐந்து ஏக்கர் நெல் போடுகிறவர். போட்டோவைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வரப்பு உடைஞ்சா என்னம்மா பண்ணுவாங்க?" 2018 வெள்ளத்தில் பல வரப்புகள் உடையத்தான் செய்தன.

அப்புறம் வடக்கே திரும்பிப் பாதிராமணல் தீவு. அங்கிருந்து தண்ணீர்முக்கம் தடுப்பணை வரை. பிறகு காயலைக் குறுக்கே கடந்து குமரகம். மதியச் சாப்பாடு. திரும்ப ஆலப்புழை. ஏறத்தாழ எட்டு மணி நேரம்.

பாதிராமணல் தீவில் என்ன இருக்கிறது?

கடை இல்லை, வீடு இல்லை. பாதிரா என்றால் நள்ளிரவு, நள்ளிரவு மணல் என்று பொருள். வில்வமங்கலம் சுவாமியார் மாலை அனுஷ்டானத்துக்காக நீரில் குதித்தபோது நீர் விலகி நிலம் எழுந்தது என்பது கதை. கண்டல் மரங்கள், ஒரு நடைபாதை, பட்டாம்பூச்சிகள், ஏராளமான கொசு. முக்கால் மணி நேரம் போதும். முழுக்கைச் சட்டை நல்லது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பார்க்க மனசுக்குச் சங்கடமாக இருக்கும், அதற்கும் தயாராகப் போங்கள்.

தீவுக்கு மேற்கே இருக்கும் முகம்மா பக்கம் சின்னத் தோணிகளில் ஆட்கள் கக்கா அள்ளிக்கொண்டிருப்பார்கள். கறுப்பு நிறச் சிப்பி அது. இறைச்சியைத் தனியாக எடுத்துவிட்டு ஓட்டைக் குவித்து வைக்கிறார்கள். காயலின் அடியில் புதைந்த பழைய ஓடுகளைத் தோண்டி எடுத்துத்தான் கோட்டயம் பக்கத்தில் வெள்ளை சிமென்ட் செய்தார்கள். அந்த சிமென்டின் பெயரே வேம்பநாடு.

தண்ணீர் உப்பாக இருக்குமா?

எங்கே, எப்போது என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் காயலே பாதி புரிந்துவிடும்.

மழைக்காலத்தில் ஆறுகள் தள்ளும் வெள்ளத்தில் உப்பு பின்வாங்கிவிடும். மழை நின்றதும் கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் மெல்ல மெல்லத் தெற்கே ஏறி வரும். அது குட்டநாட்டு நெல்லைக் கெடுத்துவிடும் என்று தண்ணீர்முக்கத்துக்கும் வெச்சூருக்கும் நடுவே காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாகத் தடுப்பணை கட்டினார்கள். 1970களில் அது செயல்பாட்டுக்கு வந்தது. நடுப்பகுதி பல பத்தாண்டுகள் வெறும் மண் அணையாகவே இருந்தது, பிறகுதான் அங்கும் ஷட்டர்கள் வந்தன. டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கி, அறுவடை நெருங்கும்போது ஏற்றுவார்கள்.

நெல் பிழைத்தது. ஆனால் உப்புக்கும் நன்னீருக்கும் நடுவே போய் வந்து பெருகும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபட்டது. கக்கா குஞ்சு பொரிக்கவும் கொஞ்சம் உப்பு வேண்டும். ஆண்டுதோறும் உப்பு ஏறிக் காயலைக் கழுவிவிட்ட வேலையும் நின்றுபோனது. அதனால் ஷட்டரை எப்போது திறப்பது என்பதில் ஒவ்வோர் ஆண்டும் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இழுபறி. எங்கள் ஸ்ராங்கின் அண்ணன் வயல்காரர், மச்சான் மீன்காரர். "வீட்டுக் கல்யாணத்துல இந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்" என்றார் அவர், தமிழும் மலையாளமுமாக.

ஏதாவது சிக்கல் வந்ததா?

வந்தது. ஆகாயத்தாமரை. உப்பு நீரில் அது செத்துவிடும். ஷட்டர் மூடியிருக்கும் மாதங்களில் தெற்கே உப்பே இல்லாததால் தழைத்துக்கொண்டு படை படையாக மிதக்கிறது. தடுப்பணையிலிருந்து திரும்பும்போது ஒரு பெரிய படையை ஒதுங்கிப் போகாமல் நடுவில் ஊடுருவிவிட்டோம். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. விசிறி முழுக்க வேர் சுற்றியிருந்தது. ஸ்ராங்கு அரிவாளோடு பின்னால் குனிந்து அரை மணி நேரம் அறுத்தார். அந்த அரை மணி நேரம் படகு காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம். இவரோ பூ அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அதில் தப்பு எங்கள்மீதுதான். குறுக்குவழியில் சீக்கிரம் போகலாம் என்று அவசரப்படுத்தியது நான்.

பாதுகாப்பு எப்படி?

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஆட்கள் ஒரே பக்கம் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இதே வேம்பநாட்டில் 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு கவிழ்ந்து 29 பேர் போனார்கள். அரசுத் தேர்வு எழுதக் கிளம்பியவர்கள் பலர். நாங்கள் குறுக்கே கடந்ததும் அதே நீரைத்தான்.

ஆகவே லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எடுத்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொக்கி மாட்டுகிறதா, அளவு சரியா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்ததில் ஒன்றுக்குப் பட்டையே இல்லை, மாற்றிக் கேட்டோம். முகம் சுளித்தார்கள், ஆனால் மாற்றிக் கொடுத்தார்கள். வாய்க்காலில் கழற்றி வைத்தாலும் அகலமான இடத்தில் போட்டே ஆக வேண்டும். படகின் பக்கவாட்டில் பதிவெண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். செல்ஃபிக்காக இருவரும் ஒரே விளிம்பில் போய் உட்கார வேண்டாம்.

நீந்தலாமா?

வேண்டாம். அடி முழுக்கச் சேறு, மேலே பாசி, ஹவுஸ்போட்டுகளின் கழிவும் ஊர்க் கழிவும் கலந்த நீர்.

கழிவறை?

யாரும் வெளிப்படையாகக் கேட்காத, ஆனால் எல்லாப் பெண்களும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி. பெரும்பாலான ஷிக்காராக்களில் கிடையாது. கிளம்பும் முன் படகுத்துறையில் போய்விடுங்கள். எங்களுக்கு நடுவில் இடம் கிடைத்தது தண்ணீர்முக்கம் கரையில் ஒரு டீக்கடை வீட்டிலும், பிறகு குமரகத்தில் சாப்பிட்ட இடத்திலும். படகு பேசும்போதே ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும்.

சாப்பாடு?

காலைக்கு நான் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பாதிராமணல் பக்கம் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டோம், ஸ்ராங்குக்கும் நான்கு. மதியம் குமரகத்தில் கரிமீன் பொள்ளிச்சது. மசாலா தடவி வாழை இலையில் சுற்றிக் கல்லில் வாட்டிய மீன். கேரளத்தின் மாநில மீன் இது. முள் அதிகம், பொறுமை வேண்டும். மீனின் அளவைப் பார்த்துத்தான் விலை, அதனால் பொரிக்கும் முன் மீனைக் காட்டச் சொல்லி விலையைக் கேட்டுவிடுங்கள். என் கணக்கில் கரிமீனை விடக் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) கக்கா இறைச்சித் தோரனும் (தேங்காய் போட்ட பொரியல்)தான் மேல், விலையும் குறைவு. இவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பறவைகள் பார்க்கலாமா?

பார்க்கலாம். நீர்க்காகம் ஒவ்வொரு கம்பத்திலும் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கும். செம்பருந்து, ஆலா, கழுத்து மட்டும் நீருக்கு வெளியே தெரியும் பாம்புத்தாரா. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வாத்துகள் வரும். குமரகம் பறவைகள் சரணாலயம் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பழைய ரப்பர் தோட்டம், 14 ஏக்கர். உள்ளே போவதாக இருந்தால் அதிகாலை. நாங்கள் பதினொன்றரைக்கு அந்தப் பக்கம் கடந்தபோது பறவைகளும் தூங்கிக்கொண்டிருந்தன போலிருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி. ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி மழையின்போதும் மதியத்துக்கு மேல் இடி மின்னல் திடீரென்று வரும், திறந்த நீரில் நாம்தான் உயரமான பொருள். ஜூன், ஜூலை வேண்டவே வேண்டாம். வள்ளம்களி பார்க்கத்தான் ஆசை என்றால் பல ஆண்டுகள் அது ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை நடந்தது. 2024ல் வயநாடு நிலச்சரிவால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. அதனால் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

எவ்வளவு செலவானது? எப்படிப் போவது?

படகுக்கு 4,500 ரூபாய். முதலில் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தரகர் மணிக்கு 1,000 என்றார். நேரே படகுத்துறைக்கு முந்தின நாள் மாலையே போய், ஓட்டுபவரிடமே வழி, நேரம், நிறுத்தம் எல்லாம் பேசி முடித்ததில் பாதிக்குப் பாதி குறைந்தது. டீசல் சேர்த்துத்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேனியிலிருந்து குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம். மலைப்பாதை, வாந்தி வருபவர்கள் எலுமிச்சை வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஆலப்புழைக்கே இரவு ரயில் இருக்கிறது.

கையில் காசு குறைவு என்றால் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துப் படகு இருக்கிறது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கும் முகம்மாவிலிருந்து குமரகத்துக்கும் பஸ் மாதிரி ஓடுகின்றன. மீன்கூடை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாரோடும் காயலைக் கடக்கலாம்.

வைக்கம் பக்கம்தானாமே, படகிலேயே போகலாமா?

தடுப்பணைக்கும் வடக்கே இருக்கிறது, ஷிக்காராவில் ஒரே நாளில் போய் வர முடியாது. நாங்கள் மறுநாள் வைக்கத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் தவணக்கடவு வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து படகில் கடந்தோம். 2017ல் இந்தத் தடத்தில்தான் ஆதித்யா என்ற சூரிய ஒளிப் படகு ஓடத் தொடங்கியது, இந்தியாவில் முதலாவது. இன்ஜின் சத்தமே கிடையாது. முந்தின நாள் எட்டு மணி நேர டீசல் சத்தத்துக்குப் பிறகு அது காதுக்குக் கோயில் மாதிரி இருந்தது.

வைக்கத்தில் பெரியார் நினைவகத்துக்குப் போனோம். 1924ல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம், அதில் பெரியார் சிறை சென்றது எல்லாம் அங்கே இருக்கிறது. புதுப்பித்த நினைவகத்தை 2024 டிசம்பரில் இரு மாநில முதல்வர்களும் திறந்தார்கள். 1925ல் காந்தி வந்திறங்கியதும் இந்த ஊர்ப் படகுத்துறையில்தான். ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்.

எட்டு மணி நேரம் இரண்டே பேர், என்ன பேசினீர்கள்? சலிக்கவில்லையா?

எதிர்வீட்டு அக்காவின் கேள்வி. முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா, கேஸ் அடைத்தோமா என்று வழக்கமான பேச்சு. அப்புறம் நடுக்காயலில் சிக்னல் போய்விட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. குமரகத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறியதும் இவர் என் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நான் முன்பக்கம் போய் உட்கார்ந்து, மேற்கிலிருந்து காற்று எழும்புவதையும், நீர் சாம்பல் நிறத்துக்கு மாறுவதையும், ஸ்ராங்கு ஒவ்வொரு அலைக்கும் சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். புன்னமடை நெருங்கியதும் ஒரு ஹவுஸ்போட்டின் ஹாரன் சத்தத்தில் இவர் விழித்து, "வந்துட்டோமா, அதுக்குள்ளயா?" என்று கேட்டார்.